வெள்ளைத் தகடு, ஒன்று

எங்கள் அலுவலக மனமகிழ் மன்றத்துக்கு ஒரு கேரம் பலகையும் ஒரு கிட்டாரும் சொந்தம். கேரம் பலகையை எல்லோரும் தொடுவார்கள். கிட்டாரை நான் மட்டும்தான் தொடுவேன். பொருள் பதிவேட்டுப் பிரிவின் கண்காணிப்பாளர் என்பதால் சாவி என்னிடம் இருந்தது. திறமை இருந்ததாக யாரும் சொன்னதில்லை.

அந்த வருட ஆண்டு விழாவில் நான் வாசிப்பதென்று முடிவாயிற்று. முடிவெடுத்தது நான்தான். ஒத்திகைக்காக எனக்கே விண்ணப்பம் எழுதி, நானே பரிந்துரைத்து, நானே ஒப்புதல் அளித்து, கிட்டாரை வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

மனைவியின் தம்பி ஒரு இசைக்குழுவில் வாசிப்பவன். வாசிக்கும்போது மரத்தில் கீறல் விழாமலிருக்கத் தந்திகளுக்கு அடியில் பொருத்தியிருந்த பிளாஸ்டிக் தகட்டைக் காட்டினான். "மாமா, இந்த வெள்ளைத் தகடு பாத்ரூம் டைல்ஸ் மாதிரி இருக்கு. இப்ப எல்லாரும் ஆமை ஓட்டு டிசைனுக்கு மாறிட்டாங்க" என்றான்.

வாசிப்பு சரியில்லை என்றிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன். இது உறுத்தியது.

ஞாயிற்றுக்கிழமை ஆமை ஓட்டுப் புள்ளி போட்ட ஸ்டிக்கர் தாள் வாங்கி வந்தேன். தந்திகளைத் தளர்த்தி, பதினொரு திருகாணிகளையும் கழற்றி, ஒவ்வொன்றையும் எண் எழுதிய தனி உறையில் போட்டேன். தகட்டை ஈரத் துணியால் துடைத்து, ஸ்டிக்கரை ஓரத்தில் அரை அங்குலம் விட்டு வெட்டி ஒட்டி, முடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டி, பழைய அடையாள அட்டையால் நீவி நீவிக் காற்றுக் குமிழ்களை வெளியேற்றினேன். ஒரு குமிழ் மட்டும் கடைசிவரை பிடி கொடுக்கவில்லை.

ஆபீஸ் பொருளாயிற்றே, கேட்க மாட்டார்களா என்று மனைவி கவலைப்பட்டாள். கேட்க வேண்டிய ஆளே நான்தான் என்றேன்.

விழாவுக்கு ஆறு நாள் இருக்கும்போது தலைமை அலுவலகத்திலிருந்து சரிபார்ப்பு அலுவலர் வந்தார். அதிர்ந்து பேசாத மனிதர். 'கிட்டார், வெள்ளைத் தகடு, ஒன்று' என்று பதிவேட்டைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"வெள்ளைத் தகடு கிட்டார் எங்க?"

"இதுதான் சார். ஸ்டிக்கர் ஒட்டியிருக்கேன்."

"அப்ப பதினாலாம் விதி?"

பதிவேட்டிலுள்ள வருணனையோடு தோற்றம் பொருந்தாத பொருள், அப்பொருள் அன்று. இதுதான் பதினாலாம் விதி. எழுதியவன் நான். நான்கு வருடத்துக்கு முன்பு அலுவலக ஓட்டுநர் தன் துருப்பிடித்த பச்சை ஸ்டூலுக்கு நீல வண்ணம் அடித்துவிட்டார். பச்சை ஸ்டூல் எங்கே என்று எட்டு மாதம் அவரை விளக்கம் எழுத வைத்தேன். அந்த ஸ்டூலில் உட்கார்ந்துதான் எழுதினார்.

ஆகவே இரண்டு கோப்புகள் பிறந்தன. ஒன்று, காணாமல் போன வெள்ளைத் தகடு கிட்டார். இன்னொன்று, உரிமையாளர் தெரியாத ஆமை ஓட்டுக் கிட்டார். ஸ்டிக்கரை உரித்துக் காட்டிவிடுகிறேன் என்றேன். விசாரணையிலுள்ள பொருளின் தோற்றத்தை மாற்றுவது குற்றம் என்று பதினைந்தாம் விதியைக் காட்டினார். அதுவும் நான் எழுதியதுதான். நல்ல தெளிவான நடை என்று பாராட்டவும் செய்தார்.

கிட்டாரைத் துணியில் சுற்றி அரக்கு முத்திரை வைத்தார்கள். விழாவன்று மனைவியும் அவள் தம்பியும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, தவிர்க்க இயலாத நிர்வாகக் காரணங்களால் இசை நிகழ்ச்சி ரத்து செய்யப்படுகிறது என்று மேடையில் அறிவித்தேன். அன்று அதிகம் கைதட்டல் வாங்கியது அந்த அறிவிப்புதான்.

மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன். ஓட்டுநர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். குத்திக் காட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"விளக்கத்துல 'நான்'னு எழுதாதீங்க சார். 'கீழே கையொப்பமிட்டவர்'னு எழுதுங்க. வேற யாரோ செஞ்ச தப்பு மாதிரி இருக்கும். மனசு லேசாகும்" என்றார்.

அந்த எட்டு மாதத்துக்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். எழுத்தில் தர முடியுமா என்றார். தந்தேன்.

ஏழாவது விளக்கத்துக்குப் பிறகு வழி பிறந்தது. உரிமை கோரப்படாத பொருளை ஊழியர் எவரும் கேட்டுப் பெறலாமாம். ஆமை ஓட்டுக் கிட்டாரைக் கேட்டேன், கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து ஸ்டிக்கரை உரித்து, மறுநாள் அலுவலகத்தில் ஒப்படைத்தேன். காணாமல் போன வெள்ளைத் தகடு கிட்டாரை அரும்பாடுபட்டு மீட்டதற்காக எனக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது.

அதோடு விட்டிருக்கலாம். விசாரணை அறிக்கையைப் படித்த இயக்குநருக்குப் பதினாலாம் விதி மிகவும் பிடித்துப்போய், அதை ஊழியர்களுக்கும் விரிவுபடுத்தினார். பணிப்பதிவேட்டில் ஒட்டியிருந்த புகைப்படத்தின் பக்கத்தில் ஒவ்வொருவரையும் நிறுத்திப் பார்த்தார்கள். என் படத்தில் சுருள் முடியும் ஒட்டிய கன்னமுமாக எவனோ ஒரு இளைஞன் இருந்தான். என்னைக் காணவில்லை என்று முதலில் தீர்மானமாயிற்று. பிறகு தட்டச்சர், ஓட்டுநர், காவலாளி. சாயங்காலத்துக்குள் இயக்குநர் உட்பட நூற்றுப் பன்னிரண்டு பேரையும் காணவில்லை.

மறுநாள் எல்லோரும் வழக்கம்போல வந்து உட்கார்ந்தோம். ஒருவருமே இல்லாத அலுவலகம் மூன்று மாதமாக நடந்துகொண்டிருக்கிறது. மனுவோடு வருகிறவர்கள் யாரும் இதுவரை ஒரு வித்தியாசமும் சொல்லவில்லை.