புகை விட்டால் அறை விடுவேன்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பல்கூடத் தேய்க்காமல், பலகையார் தாம் சிகரெட்டை விட்டுவிட்டதாக அறிவித்தார்.

கேட்பதற்குக் கூடத்தில் இருந்தது அவர் மனைவி ஒருத்திதான். அவளும் தையல் மெஷினில் குனிந்திருந்தாள். திரைச்சீலை தைத்துக் கொடுப்பது அவள் தொழில். நாற்காலி, மேஜை, தொலைக்காட்சி எல்லாவற்றின் மேலும் துணி குவிந்து கிடந்தது. அந்தக் குவியல்களுக்கு நடுவே நின்று பலகையார் வலது கையை உயர்த்தினார்.

"இன்னியிலேர்ந்து சிகரெட்டைக் கையால தொட மாட்டேன்!"

"வாயால தொடுவீங்களா?"

பலகையார் அதிர்ந்து போனார். கைதட்டல் வேண்டாம், கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீராவது வரும் என்று எதிர்பார்த்திருந்தார். மனுஷன் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை திருந்துகிறான், அதுவும் இப்படிப்பட்ட வீட்டிலா திருந்த வேண்டும்?

அவர் திருந்தியதற்குக் காரணம் இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் ஒரு வாடிக்கைக்கார அம்மாள் புதுத் திரைச்சீலை அத்தனையையும் திருப்பிக் கொண்டுவந்து போட்டுவிட்டாள். "ஜன்னலைத் திறந்தா காத்து வருது. உங்க திரையை மூடினா சிகரெட் நாத்தம் வருது" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனாள். மனைவி திட்டியிருந்தால் பலகையார் தாங்கியிருப்பார். முப்பது வருடப் பழக்கம். ஆனால் அவள் திட்டவில்லை. திரும்பி வந்த துணியை மடித்து அவருடைய நாற்காலியின் மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்த மடிப்பையும் அவள் முகத்தையும் பார்த்தவர், பற்றவைக்க எடுத்த சிகரெட்டைத் திரும்பப் பெட்டியிலேயே வைத்துவிட்டார்.

"நம்ப மாட்டேங்கிறியா?"

"போன வருஷமும் விட்டீங்க. மழைக்காலத்துல ஒரு தடவை விட்டீங்க. டாக்டர் திட்டினப்போ ஆஸ்பத்திரி வாசல்லயே விட்டீங்க. விடறதுல உங்களை அடிச்சுக்க ஆளே கிடையாது."

"இந்தத் தடவை பந்தயம்!"

"என்ன பந்தயம்?"

"என் ஆபீஸ்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. வீட்டின் பின்பக்கம் ஒரு சின்ன அறை உண்டு. பெயின்ட் டப்பாக்கள், தூரிகைகள், ஒரு சாய்வு நாற்காலி, ஒரு ரேடியோ. மனிதர் நிம்மதியாக மூச்சுவிட்டதும் அங்கேதான், மூச்சைக் கெடுத்துக்கொண்டதும் அங்கேதான். அவர் அதை ஆபீஸ் என்பார். மனைவி அதைப் புகைக்கூண்டு என்பாள்.

தையல் மெஷின் நின்றது.

"மறுபடி பிடிச்சா ரூம் எனக்கா?"

"உனக்கே! மெஷினைத் தூக்கிட்டுப் போயிடு. அடுத்த மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை வரைக்கும் கெடு."

"எழுதிக் குடுங்க."

எழுதுவதென்றால் பலகையாருக்குப் பலகைதான். கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவர் அவர். அதில் அவருக்கென்று ஒரு கொள்கை இருந்தது. எழுத்து குறைந்தால்தான் கண்ணில் நிற்கும். யார் எவ்வளவு நீளமாக எழுதச் சொன்னாலும் நறுக்கிவிடுவார். "எல்லா வகைக் கடிகாரங்களும் நல்ல முறையில் பழுது பார்த்துத் தரப்படும்" என்று எழுதச் சொன்ன ஒரு கடைக்காரருக்கு "கடிகாரம் பழுது" என்று எழுதிக் கொடுத்தார். தெருவே அந்தக் கடைச் சுவரில் தொங்கிய கடிகாரத்தை நம்புவதை விட்டுவிட்டது. கடைக்காரர் சண்டைக்கு வந்தபோது, "கண்ணுல நின்னுச்சா இல்லையா?" என்று கேட்டு அனுப்பினார்.

அதே கொள்கையோடு ஒரு சின்னப் பலகையை எடுத்தார். "நான் மறுபடியும் புகை பிடித்தால் இந்த அறையை என் மனைவிக்கு விட்டுக்கொடுப்பேன்" என்பது அவர் மனதில் இருந்தது. 'நான்' எதற்கு? வேறு யார் எழுதப் போகிறார்கள்? வெட்டினார். 'மறுபடியும்' வெட்டு. 'மனைவி' ஊருக்கே தெரியும், வெட்டு. கடைசியில் சிவப்பு எழுத்தில், நிழல் கொடுத்து, அறைக் கதவில் மாட்டினார்.

புகை விட்டால் அறை விடுவேன்.

மனைவி வந்து ஒரு தடவை படித்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தாள்.

"ரொம்பச் சுருக்கமா இருக்கே."

"அர்த்தம் இருக்கில்ல?"

"இருக்கு. நிறையவே இருக்கு."

பாராட்டு என்று எடுத்துக்கொண்டு பலகையார் பல் தேய்க்கப் போனார்.

மறுநாள் பக்கத்து வீட்டு விசில் சார் வந்தார். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வு அவருக்குத்தான், கழுத்தில் தொங்கும் விசிலுக்கு இல்லை. கதவைப் படித்தவர் முகம் வெளிறிவிட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தங்கச்சியா எழுதச் சொன்னது?"

"ஆமா சார். எழுதித்தான் ஆகணும்னு நின்னுட்டா."

"எத்தனை அறை?"

"ஒரே ஒரு அறைதான் சார்."

"வலிக்குமே!"

"வலிக்காம? இத்தனை வருஷமா கட்டிக் காப்பாத்தின மானம் மரியாதையெல்லாம் அந்த ஒரு அறையிலதானே சார் இருக்கு?"

விசில் சார் தம் கன்னத்தைத் தடவிக்கொண்டார். "பெரிய அறையா?"

"சின்னதுதான். பத்துக்கு எட்டு."

"பத்துக்கு எட்டா! பத்து சிகரெட்டுக்கு எட்டு அறையா? இப்போதான் ஒண்ணுன்னீங்க?"

பலகையாருக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்தபோது விசில் சார் தெருமுனைக்குப் போயிருந்தார். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. அந்த நேரம் பார்த்து, வேலை முடித்து வந்த பலகையாரின் இடது கன்னத்தில் சிவப்புப் பெயின்ட் ஒட்டியிருந்தது. சலவைக் கடைக்காரர் பார்த்துவிட்டு உச்சுக் கொட்டினார். மருந்துக் கடைக்காரர் கூப்பிட்டு, கேட்காமலே ஒரு களிம்பைக் கையில் திணித்தார். "வீட்டுக்கு வீடு உள்ளதுதான், மனசுல வெச்சுக்காதீங்க" என்றார்.

"இதைக் கேட்டியா?" என்று பலகையார் வீட்டுக்கு வந்து குதித்தார். "நீ என்னை அறையறியாம்!"

"நல்லதாப் போச்சு. இனிமே யாரும் உங்களுக்கு ஓசி சிகரெட் நீட்ட மாட்டாங்க."

அதுவும் நடந்தது. அவரைக் கண்டதும் கடைவாசலில் நின்றவர்கள் சிகரெட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்கள். ஒருத்தர் அவசரத்தில் தம் சட்டையையே சுட்டுக்கொண்டார்.

முதல் வாரம் பலகையார் மனிதராகவே இல்லை. கை சும்மா இருக்கமாட்டேன் என்றது. வாய் அதைவிட. பிஸ்கட்டைத் தின்றார், கேரட்டைக் கடித்தார், அதெல்லாம் தீர்ந்த பிறகு தூரிகைக் காம்பை மென்றார். ரேடியோவில் செய்தி வாசித்தவரோடு சண்டை போட்டார். பல் டாக்டருக்கு ஒரு பலகை எழுதினார். "வலியின்றிப் பல் பிடுங்கப்படும்" என்று எழுத வேண்டும். மனசெல்லாம் பிடிப்பதிலேயே இருந்ததால் "வலியின்றிப் பல் பிடிக்கப்படும்" என்று எழுதிவிட்டார். டாக்டர் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தபடி வாயைத் திறந்தார். அவர் வாய் அவ்வளவு பெரிதாகத் திறந்து யாரும் பார்த்ததில்லை.

"முடியலைம்மா" என்றார் அன்றைக்கு வீட்டில், நிஜமாகவே. "ஒண்ணே ஒண்ணு. பாதி. ஒரு இழுப்பு."

"பிடிங்களேன்" என்றாள் மனைவி, ஊசியில் நூல் கோத்தபடி. "உங்க ஆபீஸ் ஜன்னலுக்கு நீலத் துணி போடலாமா, பச்சை போடலாமான்னு யோசிச்சிட்டிருந்தேன்."

"பச்சையா! என் ஜன்னலுக்கா!"

அந்த ஆத்திரத்திலேயே அந்த வாரம் ஓடிவிட்டது. ஆசை தலைதூக்கும்போதெல்லாம் அவர் கதவில் இருந்த பலகையைப் பார்ப்பார். பச்சைத் திரை மனசில் ஆடும். பல்லைக் கடித்துக்கொள்வார்.

இரண்டாவது வாரம் வேறு மாதிரி அதிர்ச்சிகள் ஆரம்பித்தன. ஆபீசுக்குள் நுழைந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி வந்தார். "உள்ள என்னமோ செத்துக் கிடக்குது!" ஒன்றும் சாகவில்லை. பெயின்ட் கரைக்கும் டர்பன்டைன், பழைய பெயின்ட், திரையிலும் சுவரிலும் ஏறிப்போன பழைய சிகரெட் நாற்றம். இத்தனை வருடமாக அதற்குள்தான் சந்தோஷமாக உட்கார்ந்திருந்தார். மனைவி பக்கத்தில் வந்தபோது சோப்பு வாசனை வந்தது. எப்போதிலிருந்து இந்த சோப்பு என்று கேட்டார். கல்யாணத்திலிருந்தே என்றாள்.

அதற்குப் பிறகு, ஒரு மாடிக் கட்டடத்தின் சுவரில் எழுதச் சாரத்தில் ஏறினார். உச்சிக்குப் போய்த் தூரிகையை எடுத்த பிறகுதான், நடுவில் எங்கேயும் நின்று மூச்சு வாங்கவில்லை என்பது தெரிந்தது. பயந்துபோய், ஒரு தடவை வேண்டுமென்றே இருமிப் பார்த்தார். இருமல் வரவில்லை.

பெரிய சோதனை அதற்கப்புறம்தான் வந்தது. மனைவி திரைச்சீலை கொடுக்கப் போயிருந்த ஒரு மத்தியானம், மஞ்சள் பெயின்டைத் தேடி அலமாரியின் பின்னால் கையை விட்டார். ஒரு காலி மஞ்சள் டப்பா அகப்பட்டது. அதற்குள் ஒரு சிகரெட், தீப்பெட்டியோடு. எப்போதோ அவரே ஒளித்துவைத்தது. ஒன்று எங்கேயோ இருக்கிறது என்பது ஞாபகத்தில் இருந்தது, இடம்தான் மறந்து போயிருந்தது.

எடுத்தார். உதட்டில் வைத்தார். தீக்குச்சியைக் கூட உரசிவிட்டார். அந்தக் குச்சி எரிந்துகொண்டிருந்தபோது, நாற்காலியின் மேல் மடித்து வைத்த துணியும் அந்த நேரத்து மனைவியின் முகமும் ஞாபகம் வந்தன. அறை போனால் போகட்டும், இன்னொரு தடவை அந்த முகத்தைப் பார்க்க முடியாது என்று தோன்றியது. விரல் சுட்டது. "ஐயோ" என்று குச்சியை உதறினார். சிகரெட்டைத் தூரிகை கழுவும் தண்ணீரில் போட்டு, அது ஊறிக் கரைகிற வரைக்கும் நின்று பார்த்தார்.

மனைவி வந்ததும் டப்பாவைக் காட்டி வெற்றிப் பெருமிதத்தோடு சொன்னார். அவள் ஆச்சரியப்படவே இல்லை.

"அந்த மஞ்சள் டப்பாவா? அது அங்க இருக்கறது எனக்குத் தெரியுமே."

"தெரியுமா! தெரிஞ்சா எடுத்துப் போட்டிருக்க வேண்டியதுதானே?"

"போட்டிருந்தா நீங்க கடைக்குப் போவீங்க. 'ஒண்ணு பத்திரமா இருக்கு'ங்கற தைரியத்துலதானே இத்தனை நாள் போகாம இருந்தீங்க?"

பலகையார் நாற்காலியைத் தடவிப் பார்த்து மெல்ல உட்கார்ந்தார். தம் மனவலிமை என்று அவர் நினைத்திருந்ததில் பாதி, அலமாரிக்குப் பின்னால் இருந்த ஒரு டப்பா.

இருந்தாலும் கெடு நாள் வந்தது. கடைசி ஞாயிறு. காலையிலேயே போய் முடி வெட்டிக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு, விசில் சாரைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். வாசலில் அவருடைய சாய்வு நாற்காலி கிடந்தது. மடியில் குழந்தை மாதிரி ரேடியோவை வைத்துக்கொண்டிருந்தது. வெயில் காயப் போட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனார்.

கூடம் காலியாக இருந்தது. துணிக் குவியலைக் காணவில்லை. தரையே தெரிந்தது. பின்னாலிருந்து மெஷின் சத்தம் வந்தது.

ஆபீஸ் ஜன்னலில் பச்சைத் திரை ஆடிக்கொண்டிருந்தது. சுவரெல்லாம் துடைத்துச் சுத்தம். நடுவில் அவர் மனைவி உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அநியாயம் இது! நான்தானே ஜெயிச்சேன்!"

"ஆமாங்க, ஜெயிச்சிட்டீங்க. புகையை விட்டுட்டீங்களா இல்லையா, அண்ணன் முன்னாடி வாயால சொல்லுங்க."

"விட்டுட்டேன்! புகையை அடியோட விட்டுட்டேன்!"

"அண்ணே, கதவுல என்ன எழுதியிருக்கு? கொஞ்சம் படிங்க."

விசில் சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். "புகை விட்டால் அறை விடுவேன்." ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு பலகையாரை இரக்கத்தோடு பார்த்தார். "இப்போதானே விட்டுட்டேன்னு கத்தினீங்க?"

"சார்! விட்டால்னா ஊதினால்னு அர்த்தம்! புகை விடறது, ஊதறது!"

"அப்படின்னா 'ஊதினால்'னு எழுதியிருக்கலாமே" என்றாள் மனைவி. "ஒரு எழுத்துகூட அதிகமில்லை."

"அப்போ நான் பிடிச்சிருந்தா ரூம் யாருக்கு?"

"எனக்கு. நீங்க நினைச்ச அர்த்தத்துல."

"பிடிக்காட்டி?"

"எனக்கு. நீங்க எழுதின அர்த்தத்துல."

விசில் சார் பழக்க தோஷத்தில் நீளமாக ஒரு விசில் ஊதி ஆட்டத்தை முடித்துவைத்துவிட்டு நழுவினார்.

பலகையார் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மனைவி எழுந்து வந்தாள்.

"ரூமுக்காக மட்டும் இல்லீங்க. விடிஞ்சா நீங்க இருமற சத்தத்துலதான் நான் பயந்து எழுந்திருப்பேன். இப்போ நீங்க எழுந்ததே எனக்குத் தெரியறதில்லை. அதுதான் எனக்குப் பெரிசு. ரூம் அதுக்கு மேல வந்தது."

பலகையார் கோபப்படுவதா அழுவதா என்று தெரியாமல் மூக்கைத் துடைத்துக்கொண்டார். அதற்குள் அவள் ஒரு சின்னப் பலகையையும் தூரிகையையும் அவர் கையில் கொடுத்தாள்.

"அந்தப் பழசைக் கழட்டிட்டு இதை மாட்டுங்க. 'திரைச்சீலை தைக்கும் அறை, கதவைத் தட்டிவிட்டு உள்ளே வரவும்.' இந்தத் தடவை ஒரு எழுத்தைக்கூடக் குறைச்சிடாதீங்க."