சாக்ஸபோன் மட்டும் நலமில்லை

அன்புள்ள மைத்துனருக்கு,

உன் அத்தான் எழுதுவது. இங்கே நான் நலம், உன் அக்கா நலம், சமையலறைக் குழாய்கூடச் சொட்டுவதை நிறுத்தி நலமாக இருக்கிறது. நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது நீ ஆசையாகக் கொடுத்த சாக்ஸபோன் மட்டும் நலமில்லை. அங்கே உன் வீட்டில் எல்லோரும் சௌக்கியம் என்றே வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். சுற்றி வளைப்பதற்குத்தான் சாக்ஸபோன் இருக்கிறதே.

நான் சேர்ந்திருக்கும் வகுப்பின் ஆண்டு விழாவில் எல்லோரும் சேர்ந்து ஒரு பாட்டு வாசிக்கிறோம். மாஸ்டர் பொறுமைசாலி, யாரையும் கடிந்து பேசாதவர். போன வாரம் என்னைத் தனியே அழைத்து, "சார், நீங்க மேடையில நடுவுல நில்லுங்க, உங்க உயரத்துக்கு எடுப்பா இருக்கும். வாயில வெச்சுக்கிட்டு விரலை மட்டும் அசைங்க. ஊத வேண்டாம்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் கண்ணாடிக் கடையில் ஊரார் மூக்கிலெல்லாம் கண்ணாடி மாட்டி அனுப்பியவன், கடைசியில் துணிக்கடை பொம்மையாக நிற்பதா? சொந்த மூச்சில் ஒரே ஒரு சுரமாவது வராமல் அந்த மேடையில் ஏறுவதில்லை என்று வைராக்கியம் கொண்டேன். அதற்கு இதைவிட நல்ல சாமான்கள் வேண்டும். எது நல்லது என்று சாக்ஸபோனில் ஊறிய உன்னைத்தானே கேட்க முடியும்?

இப்போதைக்கு என்னிடமிருந்து வரும் சத்தத்தைப் பற்றி நானே சொன்னால் நன்றாக இருக்காது. மாடி வீட்டு அம்மா வந்து, நாங்கள் வாத்து வளர்க்கிறோமா என்று விசாரித்தார். இல்லை என்றேன். "பாவம், அதுக்கு உடம்பு சரியில்லையோன்னு நினைச்சேன்" என்றார்.

முதலில் ரீடைச் சந்தேகித்தேன். ஊதுமுனையில் வைத்துக் கட்டுகிற அந்த மெல்லிய நாணல் பட்டை அதிர்ந்தால்தான் சத்தமே என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதில் இரண்டு என்று நம்பர் போட்டிருந்தது. நம்பரைப் பார்த்ததும் என் தொழில் புத்தி விழித்துக்கொண்டது. வயது ஏற ஏற நம்பர் ஏறும், நம்பர் ஏறினால் தெளிவு வரும்; என் வயசுக்கு இரண்டு எப்படிக் காணும்? இரண்டரை வாங்கினேன். வாத்துக்கு ஜுரம் கண்டது. மூன்றில் காற்று மட்டும் வந்தது. மூன்றரையில் காற்றும் உள்ளே போகமாட்டேன் என்று முரண்டு பிடித்து, என் காது வழியாக வெளியேறப் பார்த்தது. நான்கு கேட்டு மறுபடி கடைக்குப் போனபோது, வாசிப்பவர் பெரிய வித்வானா என்று கடைக்காரர் மரியாதையாக எழுந்து நின்றார். நான்தான், ஆரம்பப் பாடம் என்றேன். உட்கார்ந்துவிட்டார். "நம்பருங்கறது ரீடோட விறைப்பு சார். பழகப் பழக ஏத்தணும். இதென்ன கண்ணாடியா?" என்றார். சரியென்று இரண்டுக்கே இறங்கிவந்தேன். ஆனாலும் விடவில்லை. நல்ல ரீடை வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே நாக்கு வடிவில் நிழல் தெரியுமாம். நானும் ஜன்னலோரம் நின்று பிடித்துப் பார்த்தேன். எனக்கு மஞ்சளாக ஒரு மங்கல்தான் தெரிந்தது. மட்டமான சரக்கு.

அடுத்து மவுத்பீஸ், அதாவது அந்த ஊதுமுனை. என்னோடு படிக்கும் பல் டாக்டரம்மா, வாய் சமாசாரம் தன் இலாகா என்று சொல்லி, திறப்பு அகலமான தன்னுடையதை இரவல் தந்தார். அதற்கு மூச்சு ஆறாகப் பாய வேண்டியிருக்கிறது. இரண்டு ஊதலில் தலை கிறுகிறுத்து சோபாவில் சாய்ந்தேன். ரீடை இறுக்கும் உலோக வளையத்தைக் கழற்றிவிட்டுத் தோல் வளையம் போட்டேன். கழுத்துப் பட்டையை இறக்கினால் ஊதுமுனை மோவாயில் இடித்தது, ஏற்றினால் மூக்கில் இடித்தது. இத்தனைக்கும் ரீடைப் பொருத்துவதில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை. ரீடின் நுனிக்கு மேலே மவுத்பீஸின் கறுப்பு ஒரு மயிரிழை அளவுக்குத் தெரிய வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. நான் விரலால் தடவியே கச்சிதமாக வைத்துவிடுவேன், தொழில் கை அல்லவா. உன் அக்கா, கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்களேன் என்று தொணதொணக்கிறாள். எனக்கு எதற்குக் கண்ணாடி? செய்தித்தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் போதும், அதற்குத்தானே கை நீளமாக இருக்கிறது.

ஆகவே, எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தபின் மிஞ்சுவது சாக்ஸபோன்தான். தப்பாக எடுத்துக்கொள்ளாதே, கொடுத்த மனசு தங்கம், சாமான்தான் பித்தளை. இதை இந்தக் கடிதத்தோடு பார்சலில் திருப்பி அனுப்புகிறேன். புதிதாக எந்த சாக்ஸபோன், எந்த மவுத்பீஸ், எந்த ரீட் வாங்கலாம் என்று விழாவுக்கு முன் விவரமாக எழுது. அங்கே பெரியவர்களுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு ஆசிகள். உன் மூச்சுக்கும் விரலுக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அன்பு அத்தான்

பி.கு.: பார்சல் வரவில்லையே என்று தேடாதே. விலாசம் எழுத உட்கார்ந்தபோது உன் அக்கா, "போன பார்சல் யார் வீட்டுக்கோ போச்சு. இதையாவது பாத்து எழுதுங்க" என்று ஒரு கண்ணாடியை என் மூக்கில் மாட்டிவிட்டாள். என் பழைய கடையிலேயே எனக்குத் தெரியாமல் வாங்கி வைத்திருக்கிறாள். தற்செயலாகப் பெட்டிக்குள் பார்வை போனது. ரீட் ஒரு பக்கம் சாய்ந்து, நுனிக்கு வெகு கீழே உட்கார்ந்திருந்தது. மயிரிழையாவது, அங்கே ஒரு எறும்பு குடித்தனமே நடத்தலாம். நிமிர்த்தி வைத்து, உன் பழைய மவுத்பீஸில், உன் பழைய ரீடில் ஊதினேன். ஒரு சுரம் வந்தது. நீளமாக, முழுசாக வந்தது. சமையலறையிலிருந்து உன் அக்கா, "யாரு வந்திருக்கா?" என்றாள். நான்தான் என்று காட்ட இன்னொரு தரம் ஊதினேன்.

மேலே கேட்டது எதுவும் வேண்டாம். நாளைக்கு மாஸ்டர் எதிரில் ஊதிக் காட்டப் போகிறேன். அந்தக் கண்ணாடி என்ன பவர் தெரியுமா? இரண்டரை. என் வயசுக்கு நம்பரை நான் சரியாகத்தான் கணித்திருக்கிறேன், மாட்டின இடம்தான் தப்பு.