கபான் பச்சைக் கறிக்கு மாறிய மகா சரித்திரம்

அஸ்தானா மாநகரில், பன்னிரண்டாம் மாடியில், மேகங்களுக்கு அடுத்த வீட்டில் குடியிருக்கும் என் அக்காள் மகள் மர்ஜானுக்கு, தாஸ்புலாக் ஊரிலிருந்து உன் தாய்மாமன் ஜுமாதில் எழுதிக்கொள்வது.

என் ஒட்டகக் குட்டியே, இனி நான் எழுதப்போவதை நீ நம்பமாட்டாய். உன் அம்மா நம்பமாட்டாள். இந்தக் கடிதத்தில் முத்திரை குத்தும் தபால்காரர்கூட உறையைத் தடவிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார். ஆனால் ரொட்டியின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்கிறேன்: ஒரு எழுத்துக்கூடப் பொய் கிடையாது.

முறைப்படி முதலில் கால்நடைகளின் நலத்தையும் பிறகு மனிதர்களின் நலத்தையும் விசாரிக்க வேண்டும். உன்னிடம் கால்நடை இல்லாததால் லிஃப்ட் நலமா, வாஷிங் மெஷின் நலமா என்று கேட்டுக்கொள்கிறேன். அக்காவின் முழங்கால் எப்படி இருக்கிறது? அவளையும் நீ அழைத்துக்கொண்டு போனதிலிருந்து இங்கே என்னைத் திட்ட ஆளில்லாமல் என் குணம் நாளுக்கு நாள் கெட்டு வருகிறது. என்னிடம் கால்நடை என்று சொல்ல இப்போது உன் நாய் கபான் ஒருவன்தான். இந்தக் கடிதமே அவனைப் பற்றியதுதான். போனில் சொல்லக்கூடாதா என்பாய். போனில் நீ "மீட்டிங்ல இருக்கேன் மாமா, அப்புறம் கூப்பிடுறேன்" என்கிறாய். அந்த அப்புறம் எந்த ஜில்லாவில் இருக்கிறதோ தெரியவில்லை. கடிதம் என்றால் மீட்டிங் முடியும்வரை மேஜைமேல் சமர்த்தாகக் கிடக்கும்.

வசந்த காலத்தில் நீ வந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? டீ ஆறுவதற்குள் கிளம்பிவிட்டாய். கிளம்பும்போது ஒரு துணி மூட்டையை என் மடியில் வைத்து, "மாமா, எங்க பில்டிங்ல நாய் வெச்சுக்க விடமாட்டாங்க. தோட்டம் வெச்ச வீடு கெடைக்கிற வரைக்கும் நீங்க பார்த்துக்கங்க. சின்னதுதான்" என்றாய். அக்காள் பிள்ளைகள் தாய்மாமனிடம் மூன்று தரம் எதைக் கேட்டாலும் மறுக்காமல் கொடுக்க வேண்டும் என்பது நம் ஜனங்களின் சட்டம். ஏழு வயதில் என் சைக்கிளைக் கேட்டாய், அது ஒன்று. இது இரண்டு. ஆனால் சின்னதா அது? ஆட்டு மந்தைக்குக் காவல் நிற்கும் தோபெத் ஜாதி! அன்றைக்கே அதன் பாதம் ஒவ்வொன்றும் என் தொப்பி அளவு. இப்போது அது எழுந்து சோம்பல் முறித்தால் நம் தெருவில் அரைமணி நேரம் முன்னதாகவே அஸ்தமனம் ஆகிவிடுகிறது. போன வாரம் எவனோ குடிகாரன் அதன்மேல் சேணம் போட முயன்றான். அதில் அவனைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

போன மாதம் உன் உத்தரவு வந்தது. "மாமா, மூட்டைத் தீனி அவன் வயித்துக்கு ஒத்துக்கலை. டாக்டர் பச்சைக் கறிக்கு மாத்தச் சொல்றார். பெரிய ஜாதிக் குட்டி, கிடுகிடுன்னு வளரவிட்டா மூட்டு கெட்டுடுமாம். கொழுக்க விடாதீங்க, விலா கைக்குத் தட்டுப்படணும். எலும்பை வேக வைக்காதீங்க. ஈரலை நல்லாப் பார்த்து, ஃப்ரீஸர்ல உறைய வெச்சு அப்புறமா கொஞ்சம். மீன் எண்ணெய் ஒரு கரண்டி. நல்லாப் பழகினதும் சொல்லுங்க, வீடு கெடச்சாச்சு. வண்டிக்காரரை அனுப்பி அவனை அழைச்சுக்கறேன்." இதற்குப் பிறகு நீ அனுப்பியதெல்லாம் ஒரே கேள்விதான்: "பழகிட்டானா?"

பழகவில்லை, மர்ஜான். பழகவே இல்லை. வண்டிக்காரரை அனுப்பும் பேச்சை இப்போதைக்கு எடுக்காதே. ஏனென்று கேள்.

முதல் நாள் ஒரு ஆட்டு விலாவைத் தட்டில் வைத்தேன். கபான் அதை மோந்தான். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தான் பார், வரி அலுவலகத்து அதிகாரிகூட அப்படிப் பார்த்ததில்லை. விலாவை மெதுவாகக் கவ்விக்கொண்டு போய் என் உருளைக்கிழங்குப் பாத்தியில் குழி தோண்டி, மரியாதையாக அடக்கம் செய்துவிட்டு வந்து, காலி தீனி மூட்டையின் பக்கத்தில் துக்கம் காக்க உட்கார்ந்துவிட்டான். மறுநாளும் அதேதான். அதற்கு மறுநாளும் அதேதான். இந்த வருஷம் கிழங்கு வெட்டினால் ஒரு செடிக்கு நாலு கிழங்கு, இரண்டு விலா, ஒரு முதுகெலும்பு என்று வருகிறது, பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் விதைக்குக் கேட்டு ஆள் வருகிறார்கள். ஒருவேளை நான் கொடுக்கிற துண்டு அவன் அந்தஸ்துக்குச் சரியில்லையோ என்று யோசித்தேன். நம்மிடம் இன்ன எலும்பு இன்னாருக்கு என்று இருக்கிறதே! இடுப்பெலும்பு பெரியவர்களுக்கு, நெஞ்செலும்பு மாப்பிள்ளைக்கு, காது குழந்தைகளுக்கு. இவன் குழந்தைதான், ஆனால் காதை வைத்தால் அவனுடைய ஒரு பல்லுக்குக் காணாது. முன்னங்கால் எலும்பை வைக்கலாமென்றால், கல்யாணமாகாதவர்களுக்கு அதைப் போட்டால் கடைசிவரை கல்யாணமே ஆகாது என்பார்கள். நாயாகவே இருந்தாலும் நமக்கு எதற்கு அந்தப் பாவம்? கடைசியில் விஷயம் எலும்பில் இல்லை என்று கண்டுபிடித்தேன். அவனுக்குத் தனியாகச் சாப்பிடப் பிடிக்கவில்லை! நானும் என் தட்டைத் தூக்கிக்கொண்டு போய் வாசலில் அவனெதிரே சப்பணம் போட்டு உட்கார்ந்தேன். உடனே விலாவை மூக்கால் என் பக்கம் தள்ளிவிட்டு என் தட்டிலிருந்த கொழுக்கட்டைகளைத் தின்றான். விருந்தாளிக்கு நல்ல துண்டு என்று நினைத்திருக்கிறான். எவ்வளவு நல்ல வளர்ப்பு பார், எல்லாம் என்னிடம் கற்றது.

பிறகு ஒருவழியாகக் கறியைத் தொட்டான். வயிறு கலங்கிவிட்டது. அவன் வயிறு கலங்கினால் என்ன ஆகும் என்பதை உன் அம்மா படிக்கக்கூடிய கடிதத்தில் எழுத முடியாது. சுவரில் தொங்கிய கம்பளம் இப்போது இல்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஆனால் இதெல்லாம் சுண்டைக்காய். ஈரல் விவகாரத்துக்கு வருகிறேன். நீ சொன்ன மீன் எண்ணெய்க்கு நான் எங்கே போவேன்? இங்கிருந்து எந்தக் கடலுக்குப் போனாலும் திரும்பி வருவதற்குள் கபானுக்குப் பேரன் பிறந்துவிடுவான். எண்ணெய் என்றால் கொழுப்பு, கொழுப்பு என்றால் நமக்கு ஆட்டின் வால் கொழுப்பு என்று தீர்மானித்து, சந்தையில் நம் துய்சென் கறிக்கடைக்குப் போனேன். "ஒரு முழு ஈரல் குடுப்பா. அதோட வால் கொழுப்பு ஒரு துண்டு" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. நம் ஊரில் ஈரலையும் வால் கொழுப்பையும் சேர்த்து எதற்கு வாங்குவார்கள்? சம்பந்தம் பேசி முடித்து, இரண்டு வீட்டாரும் ஒருவருக்கொருவர் ஊட்டிக்கொள்ளத்தானே! அதை ஊட்டிவிட்டால் நிச்சயம் நிச்சயம்தான், கான் மன்னனே வந்தாலும் கலைக்க முடியாது. உன் மாமி கண்ணை மூடியபின் கைப்பிடி கறிக்கு மேல் நான் வாங்கியதில்லை. துய்சென் கத்தியைக் கீழே வைத்தான். கையைத் துடைத்தான். மேஜையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தான்.

"அண்ணே... வீட்டுக்கு யாரு வர்றாங்க?"

"யாரும் வரலப்பா. நாய்க்கு" என்றேன்.

"சொல்ல வேண்டாம்னா வேண்டாம்ணே. அதுக்காக நாய் மேலயா பழியப் போடுறது?" என்று கண்ணைச் சிமிட்டினான்.

நான் வீடு போய்ச் சேருவதற்குள் செய்தி எனக்கு முன்னே போய் என் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு குல்யாஷ் ஒரு தாம்பாளம் நிறைய எண்ணெயில் பொரித்த ரொட்டியோடு நின்றாள். "ஏன் ஜுமாதில், எதிர்வீட்டுக்காரிகிட்டகூடச் சொல்லாம சம்பந்தம் பேசுவீங்களோ? பொண்ணு யாரு, மர்ஜானா? இல்ல மாப்பிள்ளையே நீங்கதானா? அதுக்கு முதல்ல அந்தக் கோட்டைத் துவைங்க!" பின்னாலேயே ஊரே வந்தது. மிட்டாயை வாரி வாரி இறைத்தார்கள். கூரையில் விழுந்த மிட்டாயைப் பொறுக்கத் தீயணைப்பு வண்டியைக் கூப்பிட வேண்டியதாயிற்று. பாட்டுக்காரர்கள் மூவர் வந்தார்கள். ஒரு ஒட்டகம் வந்தது, யார் அழைத்தது என்று இன்றுவரை தெரியவில்லை. என் கெட்டில் ஊற்றி ஊற்றிக் களைத்துப் போய்த் தானாகவே அடுப்பிலிருந்து இறங்கிக்கொண்டது. மர்ஜான், நம் வீட்டில் உட்கார இடமில்லாமல் ஜனங்கள் ஜன்னலில் உட்கார்ந்திருந்தார்கள்! நீ பார்த்திருக்க வேண்டும்.

"சரி, சம்பந்தி எங்கே?" என்றார்கள். வாசலுக்கு எதிரே, கௌரவமான விருந்தாளி உட்காரும் மெத்தையில், கபான் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான்.

குல்யாஷ் ஈரலை எடுத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் போனாள். நான் குறுக்கே விழுந்தேன். "வேக வைக்காத தாயே! டாக்டர் உத்தரவு! முதல்ல ஃப்ரீஸர்ல வைக்கணும்!"

"சம்பந்திக்குப் பச்சை ஈரலா? வெக்கமா இல்ல? உங்க டாக்டரே வந்து தின்னட்டும்!"

"சம்பந்தி அதைத்தான் கேக்குறார், பாரேன்."

கபான் எழுந்தான். ஒரே வாய். ஈரலும் வால் கொழுப்பும் குல்யாஷின் கையிலிருந்து நேராக உள்ளே. அப்புறம் கூட்டத்தில் மூத்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "ஊட்டியாச்சுப்பா. அவ கையால ஊட்டினா, அவன் தின்னான். இனி நாம என்ன செய்ய முடியும்? நிச்சயம் முடிஞ்சுபோச்சு." குல்யாஷ் வீட்டில் செருப்பளவில் ஒரு பெண் நாய் இருக்கிறதே, அதற்கும் நம் கபானுக்கும்தான். குல்யாஷ் அங்கேயே, சம்பந்திகளுக்குச் செய்கிற வழக்கப்படி, என் கன்னத்தில் தயிரைப் பூசி, "வாங்க சம்பந்தி!" என்றாள். ஆக, நீயே யோசித்துப் பார். நிச்சயமான மாப்பிள்ளையை வண்டியில் ஏற்றி அஸ்தானாவுக்கு அனுப்பினால் நான் இந்த ஊரில் தலை காட்ட முடியுமா? கல்யாணம்வரை கபான் இங்கேதான் இருந்தாக வேண்டும். பெண் வீட்டார் அவசரப்படவில்லை.

நிலைமை இப்படி இருக்கிறது. உன் பாதை வெளிச்சமாக இருக்கட்டும். உன் மீட்டிங்குகள் குட்டையாகவும் உன் ஆயுள் நீளமாகவும் இருக்கட்டும். நீ பிடிக்கும் பஸ்ஸில் எப்போதும் ஜன்னல் சீட்டு காலியாக இருக்கட்டும். உன் சமையலறையிலிருந்து புகையும் சிரிப்பும் ஓயாதிருக்கட்டும். அக்காவிடம், அவள் தம்பி நன்றாகச் சாப்பிடுகிறான், கம்பளி உள்ளாடை போடுகிறான் என்று சொல். இரண்டில் ஒன்று உண்மை. கபான் தன் வாலால் உனக்குச் சலாம் சொல்கிறான், அதில் ஒரு பீங்கான் கிண்ணம் உடைந்தது.

இப்படிக்கு,
உன் மாமன்,
நாய்க்குச் சம்பந்தி,
ஜுமாதில்.

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டுத் திரும்பப் பிரித்திருக்கிறேன். கபான் கறியை முதல் நாளே தின்றுவிட்டான், மர்ஜான். தட்டையும் நக்கினான். வயிறு ஒருநாள்கூடக் கெடவில்லை, கம்பளம் சுவரில்தான் இருக்கிறது. உன் டாக்டர் சொன்னபடியே விலா கைக்குத் தட்டுப்படுகிறது, கொழுக்கவில்லை, நடை அழகாக இருக்கிறது. நன்றாகப் பழகிவிட்டான். நீ முதல் தரம் கேட்டபோதே பழகியிருந்தான். குல்யாஷ் போன பனிக்காலத்திலேயே நாயையும் தூக்கிக்கொண்டு மகன் வீட்டுக்குப் போய்விட்டாள். எதிர்வீடு பூட்டித்தான் கிடக்கிறது. யாரும் வரவில்லை, யாரும் மிட்டாய் இறைக்கவில்லை. வண்டிக்காரர் எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

துய்சென் கடை மட்டும் உண்மை. ஈரலும் வால் கொழுப்பும் கேட்டேன். அவன் கத்தியை வைத்துவிட்டு, "வீட்டுக்கு யாரு வர்றாங்கண்ணே?" என்று கேட்டதும் உண்மை. நாய்க்கு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவன் முகம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. "மர்ஜான் வர்றா" என்று வந்துவிட்டது. வால் கொழுப்பில் நல்ல துண்டாக வெட்டி, "இது அந்தப் பொண்ணுக்கு, என் கணக்குல" என்று தனியாகக் கட்டிக் கொடுத்தான். கபானுக்கு எலும்பு வாங்கப் போகும்போதெல்லாம், "வந்தாச்சாண்ணே?" என்று கேட்கிறான். "இதோ, வர்றா" என்கிறேன்.

அக்காள் பிள்ளைகள் மாமனிடம் கேட்கலாம் என்றுதான் சட்டம். மாமன் கேட்பதற்குச் சட்டம் எதுவும் இல்லை, அதனால் நான் ஒன்றும் கேட்கவில்லை. உனக்குத்தான் என்னிடம் இன்னும் ஒரு தரம் பாக்கி இருக்கிறது. அந்த வால் கொழுப்பைக் கபானுக்குப் போடவில்லை, ஃப்ரீஸரில் வைத்திருக்கிறேன் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.