முழங்கால் வலிக்காரர்களை மாமாவின் கிரானைட் கடைக்கு அனுப்பியது பற்றி

சித்தூர்,
சனிக்கிழமை.

கர்த்தருக்குள் அன்பான குப்பம் இஸ்ரேல் மாமாவுக்கும், அத்தைக்கும், ஸ்டீவனுக்கும் அபிகாயில் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே அம்மா, நைனா, நான் மூவரும் கிருபையால் சுகம். அங்கே நீங்கள் சுகமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் பத்து நாளாக உங்கள் சுகத்தைக் கெடுத்துக்கொண்டிருப்பதே நான்தான் என்பதால், கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் "இன்னா பாப்பா" என்றதும் என் வாயில் வருவது "சரி மாமா" ஒன்றுதான். நீங்கள் எதுவும் கேட்காவிட்டாலும் அதுதான் வரும். அதோடு, இந்தப் பத்து நாளாக எப்போது போட்டாலும் உங்கள் லைன் பிஸி. அது ஏன் பிஸி என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

சபையில் அறுப்பின் பண்டிகை சாப்பாட்டுப் பந்தியில் நீங்கள் கேட்டது நினைவிருக்கும். "ஊர்ல கீற கம்பெனிக்கெல்லாம் லிங்க் போட்டுக்கினு கீறியாமே, மாமன் கடைக்கு ஒண்ணு போட்டா கை சுளுக்கிக்குமா?" என்றீர்கள். பந்தியே சிரித்தது. நான் இலையைப் பார்த்தபடி தலையாட்டினேன். பட்டம் வாங்கி இரண்டு வருஷம் ஆகியும், என் உடம்பில் தைரியமாக வேலை செய்கிற ஒரே பாகம் அந்தக் கழுத்துதான்.

என் வேலை என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மா சபையில் சொல்லி வைத்திருப்பது "கம்ப்யூட்டர்ல ஆபீசர்". நிஜத்தில், திருப்பதியில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் ஒன்பது பேர் உட்கார்ந்து, கடைகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் இணையத்தில் கட்டுரை எழுதுகிறோம். கட்டுரையின் நடுவில் ஒரு சொல் நீலமாக இருக்கும். அதைத் தொட்டால் வேறு ஒருவருடைய பக்கத்துக்குப் போகும். அந்தப் பக்கம் எது என்று தேர்ந்தெடுப்பது என் பொறுப்பு. எழுதியவருக்கு விஷயம் தெரியுமா, எப்போது எழுதினார், பக்கம் திறக்கிறதா, படிக்கிறவருக்கு உதவுமா என்று பார்த்துப் போட வேண்டும். ஆறு மாதம் பார்த்துவிட்டு வேலையை நிரந்தரம் செய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஆறு மாதம் வரும் திங்கட்கிழமையோடு முடிகிறது.

இந்த வேலைக்கு நான் எந்த அனுபவத்தோடு போனேன் என்றால், நம் சபையின் நன்றியுரை அனுபவத்தோடு. வருஷா வருஷம் ஆண்டு விழாவுக்கு நான் எழுதிக்கொடுப்பேன், செல்வி அக்கா மேடையில் படிப்பார்கள். மைக் செட்காரர், பந்தல்காரர், டீ போட்டவர், நாற்காலி எடுத்துப் போட்டவர், ஒருத்தர் பேரும் விடக்கூடாது. ஒரு வருஷம் பாத்திரம் கழுவிய அம்மாவின் பெயர் விட்டுப்போய், அவர் ஆறு மாதம் எங்கள் பெஞ்சில் உட்காரவே இல்லை. அந்த பயத்தோடுதான் முதல் கட்டுரைக்கு லிங்க் போட்டேன். புத்தலப்பட்டு பக்கத்து மாங்கூழ் கம்பெனிக்கான கட்டுரை அது. மழை அளவு சொன்ன அலுவலகம், தோத்தாபுரி மாங்காய் பற்றி எழுதிய விவசாயக் கல்லூரி, டின் செய்கிறவர், லாரி சங்கம், ஜாம் எப்படிச் செய்வது என்று வீடியோ போட்ட ஓர் அம்மா என்று மொத்தம் நாற்பத்தொரு லிங்க். யாரும் மனசு கோணக்கூடாதே! அதில் ஒருவர் மாங்கூழை எப்படிச் சோதித்து வாங்குவது என்று அவ்வளவு தெளிவாக எழுதியிருந்தார், அவருக்கு மரியாதையாக முதல் பத்தியிலேயே இடம் கொடுத்தேன். அவர் பக்கத்து மண்டலத்தில் இதே மாங்கூழ் செய்கிற போட்டிக் கம்பெனிக்காரர். எங்களிடம் கட்டுரை கேட்ட கம்பெனியுடைய பழைய வாடிக்கைக்காரர் ஒருத்தர் கட்டுரையைப் படிச்சுக்கினே போய், என் லிங்கைத் தொட்டு, அங்கேயே ஆர்டர் கொடுத்துட்டு, போன் பண்ணி "நீங்களே வழி காட்டினீங்க, ரொம்ப தேங்க்ஸ்" என்று வேற சொல்லியிருக்கார்.

எங்கள் பிரேமலதா மேடம் என்னைக் கூப்பிட்டு, "இது கட்டுரையா, கல்யாணப் பத்திரிகையா? ஊர்ல இருக்கிற மாமன் மச்சான் பேரெல்லாம் போட்டிருக்க?" என்றார்.

நான் "சரி மேடம்" என்றேன்.

"எதுக்குச் சரிங்கற? படிக்கிறவருக்கு எந்த இடத்துல சந்தேகம் வருதோ, அந்த இடத்துல ஒண்ணு போடு, போதும். உனக்கு யார் மேல மரியாதைன்னு அவர் கேக்கல. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நான் உனக்காகப் பேச முடியாது."

இதற்குப் பிறகு நான் ஒழுங்காகத்தான் இருந்தேன் மாமா. ஒரு கட்டுரைக்கு மூன்று, நான்கு லிங்க்தான் போட்டேன். கேசவன் என்று ஒருவர் வெள்ளிக்கிழமைதோறும் எல்லா லிங்கையும் தொட்டுப் பார்த்துச் சரிபார்ப்பார், அவரே என்னிடம் குறை சொல்லவில்லை. அப்போதுதான் அறுப்பின் பண்டிகை வந்தது, என் கழுத்தும் ஆடியது.

ஆட்டிய பிறகு நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். உங்கள் கடைக்குப் பொருத்தமான கட்டுரை ஒன்று வராதா என்று காத்திருந்தேன். வந்ததெல்லாம் வேறு. சர்க்கரை நோய்க்குக் கேழ்வரகுக் களி வந்தது. களி கிண்டுகிற அடுப்பு மேடை கிரானைட்டாக இருந்தால் நல்லது என்று ஒரு வரி எழுதிப் பார்த்து, எனக்கே வெட்கமாகி அழித்தேன். முடி உதிர்வது பற்றி ஒன்று வந்தது. அதில் வழவழப்பு என்ற சொல்லைச் சுற்றிச் சுற்றி வந்து ஒரு நாள் வேலையைக் கெடுத்தேன். கடைசியில் ஒரு முழங்கால் ஆஸ்பத்திரிக் கட்டுரை வந்தது. அதில் "குளிர்ந்த கல் தரையில் சம்மணமிட்டு உட்காராதீர்கள்" என்று டாக்டர் சொன்ன ஒரு வரி இருந்தது. கல் தரை! எனக்குக் கர்த்தரே வாசல் திறந்தது போல இருந்தது. அந்த இரண்டு சொல்லையும் நீலமாக்கி உங்கள் கடைப் பக்கத்தோடு இணைத்துவிட்டேன். உட்காராதே என்று சொல்லிவிட்டு, உட்காரக் கூடாத பொருள் எங்கே கிடைக்கும் என்றும் விலாசம் கொடுத்த ஒரே ஆஸ்பத்திரி இந்த ஜில்லாவில் அதுவாகத்தான் இருக்கும்.

அதோடு போயிருந்தால்கூட பரவாயில்லை. ஸ்டீவன் உங்களுக்குச் செய்து கொடுத்த பக்கத்தை அன்றுதான் முழுசாகப் பார்த்தேன். நீங்கள் வெள்ளை முழுக்கைச் சட்டையில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறீர்கள். கீழே "நாற்பது வருட அனுபவம். தேயாது, உடையாது, ஐம்பது வருட கேரண்டி. உடனே அழைக்கவும்" என்று இருக்கிறது. கிரானைட் என்ற சொல் எங்கேயும் இல்லை. பாவம், முட்டி தேய்ந்து, அதை மாற்றுகிற ஆபரேஷனுக்கு அலைகிறவர்கள் இதைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? போன புதன்கிழமை அம்மா சோறு போட்டுக்கினே, "உன் மாமனுக்கு யார் யாரோ போன் பண்ணி, சார் முட்டி மடக்க முடியல, எப்ப வரட்டும்னு கேக்கறாங்களாம். எவனோ வேணும்னே விளையாடறான்னு கத்தறான்" என்றாள். நான் "அப்படியாம்மா" என்று தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போனேன்.

நேற்று வெள்ளிக்கிழமை. போன வெள்ளிக்கிழமை லீவில் இருந்த கேசவன் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏமண்டி அபிகாயில் காரு, முட்டி வலிக்குக் கல்லு வைக்கிற ட்ரீட்மெண்ட் எப்போ வந்துச்சு?" என்று ஆபீசுக்கே கேட்கும்படி சொன்னார். மேடம் சிரிக்கவில்லை. "யாருது இந்தக் கடை?" என்றார். பொய் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். "எங்க மாமா" என்று வந்துவிட்டது. "திங்கட்கிழமை பேசிக்கலாம்" என்று எழுந்து போய்விட்டார். நான் அந்த லிங்கை எடுத்துவிட்டு பஸ் ஏறினேன். சித்தூர் வரும் வரை, நைனாவிடம் என்ன சொல்வது என்றே யோசித்துக்கொண்டு வந்தேன். வீட்டில் முதல் டிகிரி என்று அவர் பால் வண்டியில் என் போட்டோ ஒட்டி வைத்திருக்கிறார், மாமா. அதை எப்படிச் சுரண்டி எடுக்கச் சொல்வது?

ஆகவே, வாழ்க்கையில் முதல் தடவையாக முடியாது என்று எழுதுகிறேன். உங்கள் மேல் அன்பு குறைவில்லை. ஆனால் இனி உங்கள் கடையின் லிங்க் என் கையால் எந்தக் கட்டுரையிலும் ஏறாது. நீங்கள் கோபித்தாலும் சரி, கிறிஸ்துமசுக்கு வராமல் போனாலும் சரி. வலியோடு கூப்பிடுகிற யாராவது இன்னும் இருந்தால், தவறான நம்பர் என்று சொல்லி வைத்துவிடுங்கள். கட்டுரைக்குச் சம்பந்தமில்லாத ஆளை நடுவில் நிறுத்திய பாவம் என்னோடு போகட்டும்.

அத்தையின் இருமல் தணியவும், ஸ்டீவனுக்கு நல்ல புத்தி வரவும், உங்கள் போன் ஓயவும் ஜெபிக்கிற,

உங்கள் அக்கா மகள்
அபிகாயில்

பின்குறிப்பு: திங்கட்கிழமை சாயங்காலம். மேலே எழுதியதில் என் கையெழுத்தைத் தவிர மற்றதையெல்லாம் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் முழங்கால் டாக்டரே எங்கள் ஆபீசுக்குப் போன் பண்ணினார். பத்து நாளில் பதினாலு பேர், "குப்பத்துல ஒரு பெரியவர் அனுப்பினார்" என்று வந்தார்களாம். ஆபரேஷன் என்றதும் பயந்து வீட்டிலேயே கிடந்தவர்களிடம் நீங்கள் தமிழில், தெலுங்கில், கன்னடத்தில் அரை மணி நேரம் பேசி, கல்லு விக்கிறவன் நான், காலைப் பார்க்கிறவர் அவர் என்று ஆஸ்பத்திரி பேரைச் சொல்லி அனுப்பினீர்களாமே. அப்படிப்பட்ட ஆளை எங்கே பிடித்தீர்கள், அந்த லிங்கை யார் எடுத்தது என்று டாக்டர் மேடத்தைத் திட்டினாராம். மேடம் என்னைக் கூப்பிட்டு, "உடனே திரும்பப் போடு. ஆனா அந்தத் தரை வரியில வேணாம். கூப்பிட்டுப் பேசுங்கன்னு தனியா ஒரு வரி எழுதிப் போடு" என்றார். வேலையும் நிரந்தரம். தவறான நம்பர் என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் மாமா, காலில் விழுகிறேன். இன்னொன்றும் டாக்டர் சொல்லச் சொன்னார். வெள்ளிக்கிழமை வந்த பெரியவர், வீட்டு மாடிப்படிக்கு உங்களிடம் கருங்கல் ஆர்டர் கொடுத்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கே வந்தாராம். அவரால் ஒரு படிகூட ஏற முடியாது, மாமா.