எங்கள் குசினிக்கு வந்த ஜின்

தலை போனாலும் கையெழுத்துப் போடுவதில்லை என்று நான் முடிவு செய்தது ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுதுவிட்டு வந்து கருகிய பருப்பைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

பருப்பு கருகியது அடுப்பின் குற்றமில்லை. புத்தகத்தின் குற்றம்.

என் பெயர் அம்ஹர். மாத்தளை டவுனில் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். பானை, சட்டி, கேத்தல், கரண்டி. கரண்டியில் மட்டும் நூற்றுப்பத்து வகை. எது எந்தத் தட்டில் இருக்கிறது என்று என் கண்ணைக் கட்டிவிட்டுக் கேட்டாலும் சொல்லுவேன். கடையில் நான் ராஜா. கடையிலிருந்து வீட்டுக்கு ஐந்து நிமிட நடை. அந்த ஐந்து நிமிடத்தில் ராஜா எங்கேயோ வழியில் விழுந்துவிடுகிறார். வாசலுக்கு வந்து சேருகிற ஆள் வேறு.

என் மனைவி றிஸ்மியா எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். விருந்தாளி வந்தால் கதவுக்குப் பின்னால் நின்றுதான் பேசுவாள். சத்தமாகத் தும்மக்கூட மாட்டாள். 'இப்படி ஒரு அமைதியான பிள்ளை கிடைக்க நீ கொடுத்து வைத்திருக்க வேண்டும்' என்று கல்யாணத்துக்கு முன்னால் எல்லோரும் சொன்னார்கள். நூலகம் என்று ஒன்று இருப்பதை ஒருவரும் சொல்லவில்லை.

போன வருஷம் மகளுக்கு ஊசி போடக் கிளினிக்குக்குப் போனவள், வரும் வழியில் நூலகத்துக்குள் நுழைந்து ஒரு தாளோடு வந்தாள். நான் ஒரு கல்யாண வீட்டுக்குப் புறப்படுகிற அவசரத்தில், என்ன தாள் என்றுகூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். அதன் பலனைத்தான் தினமும் பகல் சாப்பாட்டில் கருகலோடு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

இப்போது அவளைப் பிடித்திருக்கும் புத்தகம் 'ஒன்பதாம் மாடி ஜின்'. மூன்று பாகம். முதல் பாகத்தை ஒருநாள் திருப்பிப் பார்த்தேன். கொழும்பில் ஒரு பெரிய மாடிக் கட்டடம். ஒன்பதாம் மாடியில் ஒரு ஜின் வாடகைக்கு இருக்கிறது. மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பதுதான் அதன் தொழில். ஓடர் பண்ணுவதற்கு முன்பே சாப்பாடு வாசலில் நிற்கும். எல்கடுவ தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்த முனி அங்கே செக்கியூரிட்டி. சுருட்டுக் கொடுக்காவிட்டால் கேட் திறக்க மாட்டார். பெண்பிள்ளைகளைப் பிடிக்கிறவன் என்று சிங்கள ஆட்கள் பயப்படுகிற கலு குமாரயா, கீழ்மாடியில் சலூன் நடத்துகிறான். கதாநாயகி நுஸ்ரா, பேய் பிசாசுகளுக்கெல்லாம் அடையாள அட்டை கொடுக்கிற கந்தோரில் கிளார்க்.

"பேய்க்கு எதுக்குடி அடையாள அட்டை?" என்று கேட்டேன்.

"கொழும்பில இருக்கணும்னா யாருக்கும் வேணும்தானே. அதிலயும் கலு குமாரயாவை விட்டுடுறாங்க. முனியைத்தான் நிப்பாட்டி நிப்பாட்டிக் கேக்குறாங்க."

புத்தகத்தை மூடி வைத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். பருப்புக் கோப்பைக்குப் பக்கத்தில் ஒரு தாளை மெல்ல நகர்த்தி வைத்தாள்.

"இந்தாங்க, கார்டு புதுப்பிக்கணும். மாசம் முடியிறதுக்குள்ள குடுக்காட்டி ரெண்டாம் பாகம் தர மாட்டாங்க."

"அதுக்கு என்ட கையெழுத்து ஏன்?"

"பிணைக்கு. டவுன்ல வீட்டு வரி கட்டுற ஒருத்தர் போடணுமாம்."

"போட மாட்டேன்."

"ஏன்?"

"பருப்பைப் பாரு!"

"பருப்பு போட வேணாம். நீங்க போட்டாப் போதும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இங்க பாரு றிஸ்மியா. ஒரே கேள்வி. உனக்கு மனுசன் வேணுமா, ஜின் வேணுமா?"

அவள் யோசித்தாள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

கடைசியில் "சரி" என்று சொல்லித் தாளை மடித்து எடுத்துக்கொண்டு போனாள். அழுதால் சமாளிக்கலாம், சண்டை போட்டாலும் சமாளிக்கலாம். இந்தச் 'சரி'க்குத்தான் மருந்தில்லை.

கடைக்குத் திரும்புகிற வழியில் திட்டம் பிறந்தது. ஜின் புத்தகத்துக்குள் இருக்கிறவரைக்கும்தானே ரசிப்பு? அவள் சமைக்கிற குசினிக்குள் வந்து நின்றால்? பயந்து நடுங்கி அவளே அந்தத் தாளைக் கிழித்து அடுப்பில் போடுவாள். நானும் கெட்ட பெயர் வாங்கத் தேவையில்லை. மாத்தளையில் இப்படி ஒரு மூளை இதுவரை பிறந்ததில்லை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை அவள் பின்பக்கம் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் குசினிக்குள் நுழைந்தேன். கல்யாணம் முடித்த ஆறு வருஷத்தில் அங்கே போனது இது நாலாம் தடவை. முதல் மூன்றும் வழி தவறி. சோறு போடுகிற அன்னவெட்டியைத் தூக்கிப் பிரிஜ்ஜுக்கு மேலே வைத்தேன். தேங்காய் துருவலையை மகள் குளிக்கிற பேசனுக்குள் இறக்கினேன். தேத்தண்ணி வடிக்கிற வடியை ஜன்னல் கொக்கியில் மாட்டினேன். போகிற போக்கில் சீனியையும் உப்பையும் டின் மாற்றிக் கொட்டினேன்.

முதல் பிளேன்டி தேத்தண்ணி எனக்குத்தான் வந்தது. ஜின் போட்ட உப்பை யாரிடம் போய்ச் சொல்வது? குடித்தேன்.

"மகள்ட வாப்பா! ஓடி வாங்க!"

முகத்தில் பயத்தைப் பூசிக்கொண்டு ஓடினேன். றிஸ்மியா துருவலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முகம் பெருநாள் காலை மாதிரி இருந்தது.

"வந்துட்டாங்க!"

"யாரு?"

"அவங்கதான்! எங்கட வீட்டுக்கும் வந்துட்டாங்க!"

"உனக்குப் பயமா இல்லையா?"

"கொழும்பில மாடி வீட்டில இருக்கிற ஆக்கள். எங்கட குசினியைத் தேடி வந்திருக்காங்க. பயப்பட்டா மரியாதையா?"

முக்காட்டை இழுத்துச் சரிசெய்தாள். விருந்தாளி அல்லவா? பிறகு கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, காலியான குசினியைப் பார்த்துப் பேசினாள்:

"வந்ததில சந்தோசம். நாங்க கொஞ்ச சாமானோட குடும்பம் நடத்துற ஆக்கள். நீங்க எடுத்த சாமானை எடுத்த இடத்திலேயே வெச்சிடுங்க. அது போதும்."

தும்மல் சத்தம்கூட வெளியே வராத பெண். முன்னறையில் நின்ற எனக்கு ஒவ்வொரு சொல்லும் மணி அடித்த மாதிரிக் கேட்டது. அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

நான் யோசித்தது வேறு. சாமான் காணாமல் போனால் பயம் வராது. சொன்ன சொல்லைக் கேட்டுத் திரும்பி வந்தால்தான் பயம் வரும்! ஞாயிறு காலை அவள் வாசல் கூட்டும்போது மூன்றையும் திருப்பி வைத்தேன். அன்னவெட்டியை மசாலாத் தட்டில் வைத்தேன். துருவலையைப் பீங்கான் அல்மாரிக்குள். தேத்தண்ணி வடியைச் சட்டிகளுக்கு அடியில். எல்லாம் கச்சிதம். பாத்திர முதலாளி வைத்தால் பிழையாகுமா?

றிஸ்மியா வந்து பார்த்தாள். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக் கைறுன்னிஸா மாமியைக் கூட்டிவரப் போனாள்.

மாமி எங்கள் ஒழுங்கைக்கே டாக்டர், நீதவான், வானொலி எல்லாம். வந்ததும் வராததுமாகக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மகன், சட்டி கழுவுற பேசின்ல சுடுதண்ணி ஊத்தினீங்களா?"

"எந்தச் சுடுதண்ணி மாமி?"

"பிஸ்மி சொல்லாம ஊத்தின சுடுதண்ணி."

எங்கள் ஆட்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தண்ணீர் போகிற ஓட்டையில் ஜின்கள் குடியிருப்பார்கள். சுடுதண்ணீர் ஊற்றுகிறவர் முதலில் பிஸ்மி, அதாவது அல்லாஹ்வின் பெயரை, சொன்னால், கதவைத் தட்டிவிட்டு நுழைகிற மாதிரி. ஒதுங்கிக்கொள்வார்கள். சொல்லாவிட்டால் சுட்டுவிடும். சுட்டால் வந்து கேட்பார்கள்.

போன வாரம் சவரம் செய்துவிட்டு, மிச்சச் சுடுதண்ணீரோடு மூன்றாம் தடவையாக வழி தவறி வந்து, நான்தான் அதில் ஊற்றினேன். பிஸ்மி சொன்னேனா? ஞாபகமில்லை. நானே செய்த ஜின்னை நினைத்து எனக்கே வேர்த்துவிட்டது.

"ஊ... ஊத்தியிருப்பேன் மாமி."

"பாத்தியா றிஸ்மியா? நான் அப்பவே சொன்னேன். அவங்கட பிள்ளை குட்டிக்கு என்ன பட்டுதோ!" மாமி என் பக்கம் திரும்பினார். "நாப்பது நாள் மகன். யார் ஊத்தினாரோ அவரே, அதே பேசின்ல நின்னு, பச்சைத் தண்ணியில, பிஸ்மி சொல்லிக் கழுவணும்."

"என்னத்தைக் கழுவணும்?"

"அதுக்குள்ள என்ன கிடக்கோ அதை."

எட்டிப் பார்த்தேன். ஒரு கல்யாண வீட்டுக்குக் காணுகிற அளவு பாத்திரம்.

"கழுவினதைத் துடைச்சு அதது இடத்தில வைக்கணும். ஒண்டு இடம் பிழைச்சாலும் திரும்ப ஒண்டாம் நாள்ல இருந்து எண்ணணும்."

"லெப்பையைக் கூப்பிட்டு ஓதிட்டா முடிஞ்சிடுமே மாமி?"

"கூப்பிடலாம். அவர் வந்தா முதல்ல வீட்டு ஆக்களை வரிசையா நிப்பாட்டி, இதை யார் செஞ்சதுன்னு விசாரிப்பார். கூப்பிடவா?"

வேண்டாம் என்று தலையாட்டினேன். உண்மையைச் சொல்லிவிடலாமா? மாமியின் காதுக்குப் போனது மஃரிபு தொழுகைக்கு முன்னால் நாவுல டவுனுக்கே போய்ச் சேரும். 'பொண்டாட்டியைப் பயம் காட்ட அன்னவெட்டியை ஒளிச்ச முதலாளி' என்று, கரண்டி வாங்க வருகிறவன் எல்லாம் சிரிப்பான். சட்டைக் கையை மடித்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து தினமும் பகல் சாப்பிட்டதும் நான் பேசினுக்கு முன்னால். எனக்குப் பின்னால் கதிரையில், மடியில் மகளோடு, கையில் முதல் பாகத்தோடு றிஸ்மியா.

"நீ என்ன செய்யப் போற?"

"அவங்க ஆக்கள்ட கதையை வாசிச்சா அவங்க சாந்தமாவாங்களாம்."

வாசித்தாள். என்ன வாசிப்பு! முனி பேசினால் எல்கடுவ லயத்து ஆள் மாதிரிக் குரல். கலு குமாரயா பேசினால் பாதி சிங்களம். ஜின் பேசினால் குரலே இல்லை, மூச்சு மட்டும். என் கழுத்து முடி எழும்பி நின்றது. கதவுக்குப் பின்னால் ஒளிகிற பெண்ணுக்குள் இத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

மூன்றாம் நாள் காதில் விழாத மாதிரி நின்று கேட்டேன். ஐந்தாம் நாள், "நேத்து நுஸ்ரா அந்தச் சலூனுக்குள்ள போனாளே, வெளிய வந்தாளா?" என்று நானே கேட்டேன். ஏழாம் நாள் அத்தியாயம் முடியவில்லை, பாத்திரம் முடிந்துவிட்டது. கழுவிய சட்டியையே திரும்பக் கழுவினேன். ஒன்பதாம் நாள் கடையிலிருந்து நாலு புதுப் பீங்கான் கொண்டுவந்து, சோற்றுக்கு விடுகிற ஆணத்தைப் பூசி, பேசினில் போட்டேன்.

பதினோராம் நாள். நுஸ்ரா ஏறிய லிஃப்ட் எட்டாம் மாடிக்கும் ஒன்பதாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. கம்பி அறுகிறது. ஜின் நினைத்தால் ஒரு மூச்சில் காப்பாற்றும். ஆனால் ஜின் வேலை காட்டினால் அடையாள அட்டையைப் பறித்து ஊரை விட்டே துரத்திவிடுவார்கள். முனி நூற்றைம்பது வருஷத்தில் முதல் தடவையாகச் சுருட்டைக் கீழே வைக்கிறார். கம்பியைப் பிடிக்கிறார். கடைசி இழை...

"முதல் பாகம் முற்றும்," என்று றிஸ்மியா புத்தகத்தை மூடினாள்.

"என்னது முற்றும்? லிஃப்ட் விழுந்துதா இல்லையா?"

"ரெண்டாம் பாகத்திலதான் தெரியும்."

"அதை எடு!"

"அதுக்கு..." தரையைப் பார்த்தாள். பெருவிரலால் கோடு போட்டாள். மடித்த தாள் ஒன்றை நீட்டினாள். "நீங்கதான் போட மாட்டேன்னு..."

"பேனை! பேனை எங்க?"

சவர்க்கார நுரையோடு கையெழுத்துப் போட்டேன். அவள் தாளை ஊதிக் காயவைத்து, பத்திரமாக மேசை லாச்சிக்குள் வைத்தாள். பிறகு அரிசி டின்னுக்குப் பின்னால் கையை விட்டு ஒரு புத்தகத்தை எடுத்தாள். இரண்டாம் பாகம்.

"இது எப்ப வந்தது?"

"போன கிழமை. நீங்க மாட்டேன்னு சொன்ன மறுநாளே மாமியுட மகன் றினோஸ் நானா பிணைக்குப் போட்டுத் தந்தார். அவரும் வீட்டு வரி கட்டுறவர்தானே."

"அப்ப நான் இப்ப போட்டது?"

"உங்களை நூலகத்தில சேர்க்கிற தாள். ஒரு கார்டுக்கு ரெண்டு புத்தகம்தான் தருவாங்க. எனக்குக் காணாது. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சு வாற வழியில மூணாம் பாகத்தை எடுத்துட்டு வந்துடுங்க. உங்கட கார்டுக்கு நீங்களேதான் போகணுமாம்."

"அப்ப ஜின்?"

"எந்த ஜின்?" என்று மகளின் வாயைத் துடைத்துவிட்டாள். "எடுத்த இடத்தில வைக்கச் சொன்னேன். மூணும் பிழையான இடத்தில இருந்திச்சு. வானத்துச் சேதியையே ஒட்டுக்கேக்கப் போன ஜின் சாதிக்கு அன்னவெட்டி வைக்கிற இடம் தெரியாதா? இந்த வீட்டில அது தெரியாத ஆள் ஒருத்தர்தான்."

சட்டி தேய்க்கிற தும்பைத் தூக்கிப் பேசினில் எறிந்தேன். "சரி! ஜின் இல்லைன்னா நான் ஏன் கழுவணும்? முடிஞ்சுது!"

"முடிஞ்சுதுதான்," என்றாள் மெதுவாக. "இருங்க, மாமிக்கிட்ட சொல்லிட்டு வாறேன். ஜின் இல்லையாம்னு. அப்ப யார் செஞ்சதுன்னு கேப்பாங்க, அதையும்..."

மதிலுக்கு அந்தப் பக்கம் மாமி இருமினார்.

"இன்னும் எத்தனை நாள் இருக்கு?" என்று கேட்டேன்.

"இருபத்தொம்பது."

அவள் கதிரையில் சாய்ந்து இரண்டாம் பாகத்தைத் திறந்தாள். நான் பிஸ்மி சொல்லிப் பைப்பைத் திறந்தேன்.