பால் வார்த்த மண்டையோடு

கடலைக் கும்பிட்டவர்கள் உண்டு, கடலைத் திட்டியவர்கள் உண்டு. கடலைக் குடையால் தடுத்தவர் வடமராட்சியிலேயே ஒருவர்தான். கம்பஸில் தொல்லியல் படிப்பித்து ஓய்வு பெற்றவர். சொந்தப் பெயர் அவருடைய மனைவிக்கே ஞாபகமிருந்ததோ தெரியாது. எங்களுக்கு அவர் குடை மாஸ்டர்.

மாரிக்கடல் குமுறி ஓய்ந்தால் மறுநாள் காலை கறுப்புக் குடையோடு கரையில் நிற்பார். கடல் மணல்மேட்டை அரித்துப் பழைய புதைகுழிகளைத் திறந்துவிடும். எலும்பு தெரிந்தால் அதற்குத்தான் குடை. வெயில் பட்டால் உள்ளே ஊறிய உப்புக் காய்ந்து, எலும்பைப் பொருக்குப் பொருக்காக உரித்துவிடுமாம். அலை வந்தால் குடையைக் கடற்பக்கம் சரிப்பார். அலை குடையையும் அவரையும் நனைத்துவிட்டுப் போகும். அவரோ எலும்பைப் பார்த்து, "ஐயா, பயப்படாதேங்கோ, நான் நிக்கிறன்" என்பார்.

நான் அந்தக் கரையில் நடந்தது சீனி வியாதிக்காக. ஒருநாள் பால் போத்தலும் கையுமாக நடக்கும்போது, கடல் அரித்த மேட்டிலிருந்து ஒரு மண்டையோடு என்னைப் பார்த்தது. கீழே அலை விளிம்பில் விரல் எலும்புகள் உருண்டுகொண்டிருந்தன.

எங்கள் பக்கத்தில் எலும்பைக் கண்டால் ஒருவரும் பழங்காலத்தை நினைப்பதில்லை. யுத்த காலத்தில் வீடு திரும்பாதவர்களைத்தான் நினைப்போம். என் நெஞ்சும் அங்கேதான் போய் விழுந்தது. ஆனாலும் நான் ஓடவில்லை. வீரம் என்று நினைக்க வேண்டாம், என் உடம்பு ஓடுகிற உடம்பில்லை.

ஆராக இருந்தாலும் காடாத்தாமல் கிடக்கிறாரே என்று தோன்றியது. எலும்பு பொறுக்கி, பால் வார்த்து, கடலில் கரைப்பதுதானே எங்கள் முறை. விரல் எலும்புகளைப் பொறுக்கித் தோளில் கிடந்த துவாயில் முடிந்தேன். மண்டையோட்டுக்குப் பால் வார்த்தேன். தேவாரம் பாட வாய் திறந்தால் பள்ளிக்கூடக் கீதம்தான் வந்தது. அதையே உருக்கமாகப் பாடிக்கொண்டு துவாயோடு கடலில் இறங்கினேன்.

"ஐசே, நில்லும்!"

குடை மாஸ்டர் வேட்டியை மடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"உதென்ன வேலை பாக்கிறீர்?"

"நல்லபடியா அனுப்பி வைக்கிறன் மாஸ்டர்."

"ஆரைக் கேட்டு அனுப்பிறீர்? நான் கடலின்ரை வாய்க்குள்ளை இருந்து பிடுங்கிறன், நீர் பாலும் விட்டு அதுக்கே தீத்திறீர்."

"ஆர் மாஸ்டர் இது? எங்கடை ஆக்களோ?"

அவர் குரலைத் தாழ்த்தினார். மண்டையோட்டுக்குப் பக்கத்தில் மண்ணுக்குள் கிடந்த கறுப்பு சிவப்புப் பானையைக் காட்டினார்.

"எங்கடை ஆள்தான். ஆனா உந்தப் பானையைப் பாத்தா, ஆயிரக்கணக்கான வருசத்துக்கு முந்தினவர். நடுங்காதையும்."

பொலிசுக்கும் தொல்லியல் திணைக்களத்துக்கும் போன் பண்ணினார். அவர்கள் வந்து சேர்வதற்குள் கடல் ஏறத் தொடங்கியது. மேட்டின் அடி கரைந்து கரைந்து விழுந்தது. மாஸ்டர் கடலுக்கு முதுகு காட்டி எலும்புகளுக்கு முன்னால் சப்பாணி கட்டி இருந்தார்.

"நீரும் இரும். உம்மடை உடம்பு நல்ல அணை."

இருந்தேன். முதுகில் விழுந்த ஒவ்வொரு அலைக்கும் நான் அலறினேன். மாஸ்டர் குடையைப் பிடித்தபடி, "இந்த ஆள் பால் குடிச்சவர் எண்டு நாளைக்கு ஆய்வுகூடத்திலை எழுதப் போறாங்கள்" என்று புறுபுறுத்தார்.

ஒருவழியாக ஆட்கள் வந்து, மண்ணோடு சேர்த்து எல்லாவற்றையும் தூக்கினார்கள். நான் தலை குனிந்து துவாயை நீட்டினேன். மாஸ்டர் முடிச்சை அவிழ்த்துப் பார்த்தார். ஒவ்வொன்றாக எண்ணினார்.

"கடல் முதல்லை தின்னுறது விரலைத்தான். எனக்கு ஒருக்காலும் இவ்வளவு மிஞ்சினதில்லை" என்றவர், "பாட்டுத்தான் சகிக்கேல்லை" என்றார்.

போன வருடம் மாஸ்டர் காலமானார். கீரிமலைக் கடலில் மகன் இடுப்பளவு தண்ணீரில் நின்று அஸ்தி முட்டியை இறக்கினான். நான் பக்கத்தில் குடையோடு நின்றேன். அலை ஒன்று எழும்பி வந்தது.

"அண்ணை, மழையில்லையே, ஏன் குடையை விரிக்கிறியள்?" என்று கேட்டான் மகன்.

கடற்பக்கம் சரித்துப் பிடித்தேன். "ஐயா, பயப்படாதேங்கோ, நான் நிக்கிறன்."