கிரிம்ஷா லைனின் ஒற்றைத் தடி

தடி பாதிக்கு மேல் சேற்றுக்குள் போய்விட்டது. ஒரு முழம் சிவப்பு மட்டும் வெளியே நின்றது.

லெஸ்லி ஹோல்ராய்ட் கரையில் மண்டியிட்டுக் கையை நீட்டினார். எட்டவில்லை. காய்ந்த கிளை ஒன்றை ஒடித்து, தடியின் தலையில் இருந்த பித்தளைப் பட்டையில் மாட்டி இழுக்கப் பார்த்தார். கிளை வழுக்கித் தடியின் மண்டையில் போய் அழுத்தியது. அரை முழம்தான் மிச்சம்.

"இரு, இரு," என்றார் தடியிடம்.

பெல்ட்டைக் கழற்றிச் சுருக்குப் போட்டு வீசினார். மூன்றாவது வீச்சில் சுருக்கு சரியாக விழுந்தது. கூடவே கால்சட்டையும் விழுந்தது. இரண்டு கையாலும் அதைப் பிடித்த நேரத்தில் பெல்ட்டின் மறுமுனை கையை விட்டுப் போனது. சேறு ஒரு ஏப்பம் விட்டது. தடியும் இல்லை, பெல்ட்டும் இல்லை.

மணி ஒன்று ஐந்து. இரண்டு பத்துக்கு ரயில்.

கிரிம்ஷாவிலிருந்து மேலே ஸ்கார்பெக் வரை ஆறு மைல், ஒற்றைத் தண்டவாளம். ரயில்மேல் ஆசைப்பட்டவர்கள் சேர்ந்து ஓட்டும் பழைய லைன். அதில் நீராவி ரயில் கிளம்ப வேண்டுமானால் டிரைவர் கையில் அந்தச் சிவப்புத் தடி இருக்க வேண்டும். தடி ஒன்றே ஒன்று. அது யாரிடம் இருக்கிறதோ அவர்தான் லைனில் இருக்கலாம். அதனால் இரண்டு ரயில் எதிரெதிரே மோதாது. இப்போது அங்கே ஓடுவது ஒரே எஞ்சின். இன்னொன்று பதினேழு வருடமாகக் கொட்டகையில் துண்டு துண்டாகக் கிடக்கிறது. மோத வேண்டுமென்றால் அந்த எஞ்சின் தன்னோடு தானேதான் மோதிக்கொள்ள வேண்டும். ஆனாலும் தடி இல்லாமல் சக்கரம் ஒரு அங்குலம் நகராது. சம்பளம் வாங்காமல் வேலை செய்கிறவர்கள் விதியை விட்டுக்கொடுப்பதில்லை.

லெஸ்லி முப்பத்தொரு வருடம் கல் குவாரியில் பாறை உடைத்தவர். ஓய்வு பெற்றபின் இந்த ரயிலுக்கு வந்து ஆறு வருடம் கக்கூஸ் கழுவினார், சாம்பல் அள்ளினார், மழையில் நின்று கேட் திறந்தார். எல்லாம் சிக்னல் அறையில் ஏறி நெம்புகோல் பிடிப்பதற்காக. இன்றுதான் அவருக்குச் சோதனை நாள். தவறில்லாமல் முடித்தால் ஐந்து மணிக்கு டீக்கடையில் எல்லோர் முன்னாலும் சிக்னல்காரர் தொப்பி. தவறினால் திரும்பவும் கக்கூஸ்.

தடியை எங்கேயும் வைத்துவிட்டு வரக்கூடாது என்பது முதல் விதி. போன வருடம் ஒருத்தர் பெஞ்சில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். சூப்பிரண்டு ஆஷ்வர்த் அன்றைக்கே அவரை வீட்டுக்கு அனுப்பினார். அதனால்தான் மதிய இடைவேளையில் லெஸ்லி தடியையும் கையோடு எடுத்துக்கொண்டு நடந்தார். விதிப்படிதான் நடந்தார். நடந்த இடம்தான் விதிப்படி இல்லை.

கொட்டகைக்குப் பின்னால் பிரிந்து போகும் பழைய குவாரிக் கிளைப்பாதை அது. ஐம்பது வருடமாக ரயில் இல்லை. அதன் நுழைவில் 'உள்ளே போகக் கூடாது' என்று ஆஷ்வர்த் பலகை அடித்திருந்தார். ஆறு வருடமாகத் தினமும் அந்தப் பலகையைத் துடைத்த மனிதனுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கத் தோன்றாதா? தண்டவாளத்துக்கு நடுவே பிர்ச் மரங்கள் முளைத்திருந்தன. சாய்ந்த சிக்னல் கம்பத்தின் உச்சியில் காக்கைக் கூடு. கல் ஏற்றும் மேடை இன்னும் கொஞ்ச தூரம்தான். நடுவில் பாதை சரிந்து சேறாகக் கிடந்தது. ஆழம் பார்க்கக் கையில் வேறென்ன இருந்தது? தடியை ஊன்றினார்.

ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்தபடி லெஸ்லி பட்டறைக்கு ஓடினார். உடைந்த மம்மட்டியின் காம்பு ஒன்று கிடந்தது. அளவாக அறுத்தார். எஞ்சின் முகப்புக்கு அடிக்கும் சிவப்புச் சாயத்தை அடித்தார். வெள்ளையில் 'கிரிம்ஷா – ஸ்கார்பெக்' என்று எழுதினார். பிறகுதான் டப்பாவைப் படித்தார். காய ஆறு மணி நேரமாம். அவரிடம் இருந்தது இருபது நிமிடம். சிக்னல் அறை அடுப்புக்கு மேலே பிடித்தார். சாயம் இளகி, ஸ்கார்பெக் மெல்ல வழிந்து கிரிம்ஷாவோடு சேர்ந்தது.

இரண்டு பத்துக்குக் கொட்டகையிலிருந்து எஞ்சின் வந்து நின்றது. டிரைவர் ஹில்டா குனிந்து தடியை வாங்கினாள்.

"என்ன லெஸ்லி, பிசுபிசுன்னு இருக்கு?"

"புதுசா சாயம் அடிச்சேன்."

"இன்னைக்கா?"

"சோதனை நாளாச்சே. பளிச்சுன்னு இருக்கட்டுமேன்னு."

"உன் கால்சட்டையை ஏன் பிடிச்சிட்டு நிக்கிற?"

"மரியாதைக்கு."

ஹில்டா உள்ளங்கையைப் பார்த்தாள். சிவப்பு. அதே கையால் ஊதல் கயிற்றை இழுத்தாள். ரயில் கார்டுக்குக் கை கொடுத்தாள். கார்டு நூற்றிருபது பேரிடம் டிக்கெட் வாங்கிக் கிழித்துக் கொடுத்தார்; ஏறி இறங்கிய கிழவிகளுக்கெல்லாம் கை கொடுத்தார். மூன்று இருபத்தைந்துக்கு ரயில் திரும்பி வந்தபோது ஏதோ கலவரத்திலிருந்து தப்பி வந்தவர்களைப் போல ஒரு கூட்டம் இறங்கியது. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு அம்மாவின் முதுகில் ஐந்து விரலும் தெளிவாகப் பதிந்திருந்தன. அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள். அவளுக்கு இன்னும் தெரியாது.

பிளாட்பாரத்தில் ஆஷ்வர்த் நின்றார். எழுபது வயது. தேய்த்த கோட்டு, சங்கிலி போட்ட கடிகாரம். ஹில்டாவிடமிருந்து தடியைக் கைக்குட்டையால் பிடித்து வாங்கினார். திருப்பினார். மறுபடி திருப்பினார்.

"ஹோல்ராய்ட், பித்தளைப் பட்டை எங்க?"

"துலக்கறதுக்குக் கழட்டி வெச்சிருக்கேன், ஐயா."

"கழட்டினீங்க."

"ஆமா ஐயா."

"எதால?"

"ஸ்க்ரூ டிரைவரால."

ஆஷ்வர்த் வெகுநேரம் தடியையே பார்த்தார். அவர் காது நுனி சிவந்தது. லெஸ்லிக்குத் தாங்கவில்லை. குவாரியில் வெடி தவறினால்கூட ஒளித்தவரில்லை அவர்.

"ஐயா, உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

"வேண்டாம்."

"இல்லைங்க, இந்தத் தடி..."

"எனக்கு ஒண்ணும் தெரிய வேண்டாம், ஹோல்ராய்ட். அஞ்சு மணிக்கு மேசை மேல தடி இருக்கணும். பட்டையோட." தடியை லெஸ்லியின் கையில் திணித்துவிட்டு வேகமாக நடந்து போனார்.

"கடுப்புல இருக்கார்," என்றாள் ஹில்டா. "மூஞ்சிகூட ஒரு மாதிரி ஆயிடுச்சு."

"தொப்பி போச்சு," என்றார் லெஸ்லி.

மூன்றே முக்காலுக்கு அவர் திரும்பவும் கிளைப்பாதையில் இருந்தார். இடுப்பில் பெல்ட்டுக்குப் பதில் கயிறு, கையில் மம்மட்டி. தோண்டினார். தோண்டிய குழியில் சேறு நிரம்பியது. பாறை என்றால் உடைக்கலாம், இதை என்ன செய்வது? ஒரு காலணி உள்ளே போனது. அதை எடுக்கக் குனிந்தபோது மூக்குக் கண்ணாடி போனது. நாலரைக்கு முட்டிவரை புதைந்து, இழுத்தும் கால் வராமல், சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கல் சுவருக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. பக்கத்துப் பண்ணைக்காரி மிசஸ் ரெய்ஸ்ட்ரிக். கையில் எரு வாரும் முள்கரண்டி.

"இடுப்புவலிக்கு நல்லதுன்னு யாராவது சொன்னாங்களா?"

"செடி பாக்க வந்தேன்மா."

"மம்மட்டியோடவா?"

"வேர் பாக்கணும்னு."

"ரயில்காரனா நீ?"

லெஸ்லி மம்மட்டியைக் கீழே போட்டார். அவள் முள்கரண்டியின் காம்பை நீட்டினாள். பிடித்துக்கொண்டு வெளியே வந்தார், மற்ற காலணி இல்லாமல்.

"அழுவாத," என்றாள் அவள்.

"நான் அழல. முகத்துல சேறு."

"சிவப்பா, ரெண்டு முழத்துக்கு மேல இருக்குமே, தலையில பித்தளை போட்டு, அதானே?"

"பாத்தீங்களா?"

"இந்தச் சேத்துக்கு அடியில பழைய மதகு ஒண்ணு இருக்கு. இங்க முழுகறது எல்லாம் அந்தப் பக்கம் என் வாய்க்கால்ல வந்து நிக்கும். ரெண்டு மணிக்கு ஒரு பெல்ட்டுகூட வந்துது. வா."

சுவரைத் தாண்டி, மாட்டுத் தொழுவத்தைச் சுற்றி, வெறும் காலுறையோடு அவள் பின்னால் நடந்தார். மணி நாலு ஐம்பது. இனி ஓடினால் சேர்ந்துவிடலாம். கழுவக்கூட நேரமிருக்கும். நெம்புகோலின் குளிர்ந்த பிடி உள்ளங்கையில் பட்டதுபோல் இருந்தது.

சமையலறைக்குப் பின்னால் சின்னத் தோட்டம். பட்டாணிக் கொடி நன்றாகப் படர்ந்திருந்தது. கொடி ஏறுவதற்கு வரிசையாகக் குச்சி நட்டிருந்தாள்.

ஐந்து குச்சி. ஐந்தும் சிவப்பு. ஐந்தின் தலையிலும் பித்தளைப் பட்டை.

கண்ணாடி இல்லாத லெஸ்லி குனிந்து, கண்ணை இடுக்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஐந்திலும் 'கிரிம்ஷா – ஸ்கார்பெக்' என்று, ஐந்து விதமான கையெழுத்தில் எழுதியிருந்தது.

மிசஸ் ரெய்ஸ்ட்ரிக் பட்டாணி ஒன்றை உரித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"உன்னோடதை எடுத்துக்கப்பா, அந்த ஓரத்துல இருக்கற பழசை மட்டும் பிடுங்காத, அது உங்க சூப்பிரண்டு ஆஷ்வர்த்தோடது, வந்து கேக்கறதுக்கு அவருக்கு இன்னும் வெக்கம் போகல."